கவிழ்த்து வைத்த கிளாஸ்

ரஞ்சினி அந்த ஒற்றை நட்சத்திரத்தை முதலில் நம்பவேயில்லை. கைத்தொலைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். ஒன்றேதான். ஐந்து நட்சத்திரம் நிற்கவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது, மற்ற நாலும் வெறுமையாகக் கிடந்தன.

சும்மா சொல்லக்கூடாது, அறுபத்து மூன்று பேர் வந்து தங்கிப் போன வீடு அது. வட்டுக்கோட்டையில் பழைய கல்லூரி வளவைத் தாண்டி, தோட்டக் காணிகளுக்குப் போகிற ஒழுங்கையில் இருக்கிறது. பிள்ளைகள் போனபிறகு வெறுமனே கிடந்த இரண்டு அறைகளை மகள் லவீனாதான் கொழும்பிலிருந்து வந்து படம் பிடித்து, இணையத்தளத்தில் ஏற்றிவிட்டுப் போனாள். மூன்று வருடத்தில் பிரான்ஸ்காரர் வந்தார்கள், கண்டிக்காரர் வந்தார்கள், கனடாவிலிருந்து எங்கடை ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒருவர்கூட ஒரு குறை எழுதியதில்லை. ரஞ்சினியின் பிட்டைப் பற்றி எழுதினார்கள், வெள்ளை விரிப்பைப் பற்றி எழுதினார்கள், முற்றத்து மாதுளையைப் பற்றி ஒரு ஜேர்மன்காரி அரைப்பக்கம் எழுதியிருந்தாள்.

அதைவிட இன்னொன்று இருந்தது. முப்பத்தொரு வருடமாக ஊரில் அவளுக்கு ஒரே பெயர்தான், ஜெபரட்ணம் மாஸ்டரின் மனைவி. வீட்டு உறுதிப் பத்திரமும் அவர் பெயரில், மின்சாரச் சிட்டையும் அவர் பெயரில், கோயிலில் ஞாயிறு செபத்துக்கு இருக்கிற வாங்கின் மூலையில் ஒட்டியிருக்கிற துண்டிலும் அவர் பெயர்தான். அந்தத் தளத்தில் மட்டும்தான் ‘ரஞ்சினியின் வீடு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கி, ஓட்டோக்காரனிடம் ரஞ்சினி வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்ட வெள்ளைக்காரனின் கதையை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தன் பெயருக்கென்று கிடைத்த ஒரே இடம். அந்த இடத்தில்தான் இப்போது கரி பூசியிருந்தது.

எழுதியவள் ஜெசிதா. டென்மார்க்கிலிருந்து தகப்பனோடு வந்து மூன்று இரவு தங்கிய பெண். ரஞ்சினி அவளை நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். போகும்போது கட்டிப்பிடிக்காமல் போனாளே என்று யோசித்தவள், டென்மார்க் குளிரில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது:

‘வீடு அழகானது. முதல் நாள் எங்களுக்கு ரோசாப்பூப் போட்ட கோப்பையில், தட்டு வைத்துத் தேநீர் தந்தார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கார அம்மா அப்பாவின் ஊர் எது, கோயில் எது என்று கேட்டார். நாங்கள் சொன்னோம். மூன்றாம் நாள் காலையில் கோப்பை வரவில்லை. வேறு கிளாசில் தேநீர் வந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. அவர் குடித்துவிட்டு, கிளாசை வெளியே பைப்படிக்குக் கொண்டுபோய்க் கழுவி, அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். டென்மார்க்கில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர், ஒரு கோப்பையையும் அப்படிக் கவிழ்த்து வைத்ததை நான் கண்டதில்லை. இந்த வீட்டில் மனிதரைச் சாதி பார்த்து நடத்துகிறார்கள்.’

வாசித்து முடித்த ரஞ்சினி கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். நின்ற இடத்திலேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சாதியா? இந்த வீட்டிலா? கேட்டீர்களா அநியாயத்தை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம், மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த குடும்பம், கொரோனாக் காலத்தில் ஒழுங்கை முழுக்கப் பருப்பும் அரிசியும் கட்டிக் கொடுத்த குடும்பம். ஊர் எது என்று கேட்டது ஒரு குற்றமா? யாழ்ப்பாணத்தில் வாசலுக்கு வந்தவரிடம் எவடம், ஆற்றை பிள்ளை என்று ஊரும் தாய்தகப்பனும் விசாரிக்காமல் எப்படிக் கதையைத் தொடங்குவது? அப்படிக் கேட்பதுதானே மரியாதை. அவளுடைய தாயும் அப்படித்தான் கேட்டாள், போதகரின் மனைவியும் அப்படித்தான் கேட்பாள்.

அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தளத்தின் வழக்கப்படி தங்கினவர் வீட்டைப் பற்றி எழுதுவதுபோல வீட்டுக்காரரும் தங்கினவரைப் பற்றி எழுதவேண்டும். இரண்டு பேரும் எழுதிமுடித்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாகத் திறந்து காட்டுவார்கள். ரஞ்சினி அவர்கள் போன அன்றைக்கே எழுதிவிட்டாள். ஐந்து நட்சத்திரமும் போட்டு, ‘மிகவும் பண்பான தகப்பனும் மகளும். துப்புரவானவர்கள். குடித்த கிளாசைக்கூடத் தாங்களே கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். இப்படியான விருந்தினரை யாரும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்’ என்று மனமார எழுதியிருந்தாள். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்தப் பிள்ளை கழுவி வைத்ததைக் குற்றமாக எழுதியிருக்கிறது, அவள் அதையே புகழ்ந்து எழுதியிருக்கிறாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் கூடியது. நன்மைக்குக் காலமில்லை என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் தளத்திலிருந்து கடிதம் வந்தது. பாகுபாடு பற்றிய முறைப்பாடு என்பதால் ‘ரஞ்சினியின் வீடு’ இப்போதைக்கு மறைக்கப்பட்டிருக்கிறதாம். ஏழு நாளுக்குள் அவள் பதில் எழுதவேண்டும். எழுதாவிட்டாலும், எழுதியது திருப்தியாக இல்லாவிட்டாலும் நிரந்தரமாக நீக்கப்படும். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியும் இரண்டு சதுரப் பெட்டியும் இருந்தன. மேலே சொல்லப்பட்ட சம்பவம் உங்கள் வீட்டில் நடந்ததா? ஆம். இல்லை.

தளத்தில் தன் வீட்டைத் தேடிப் பார்த்தாள். வட்டுக்கோட்டை என்று போட்டால் வேறு யாரோ இரண்டு பேரின் வீடு வந்தது. அவளுடையது இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

கணவர் ஜெபரட்ணம் விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோயில் பாடகர் குழுவில் இன்றைக்கும் அடிக்குரலில் பாடுகிறவர், ஒரு பூனையைக்கூட அதட்டாத மனிதர். விருந்தாளிகளுக்குக் காலைத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை, சாப்பாடும் மற்றதெல்லாமும் அவளுடையது. அவள் அழுதுகொண்டே வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தார். “விடும். உவளவை வெளிநாட்டிலை நாலெழுத்துப் படிச்சுப்போட்டு எல்லாத்துக்கும் சாதி எண்டுவாளவை” என்றார். அதோடு எழும்பி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார்.

அவருக்கு ஏன் ரத்தம் கொதிக்கவில்லை என்று அவளுக்கு அப்போதே கேட்கத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. அவருடைய சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டாள்.

லவீனா அப்படியில்லை. கொழும்பிலிருந்து தொலைபேசியில் அவள் போட்ட சத்தத்தில் ரஞ்சினி காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்கவேண்டி வந்தது. அழவேண்டாம் அம்மா, இல்லை என்று ஒரு சொல் அடித்துவிட்டால் போதும், மிச்சத்தை நான் எழுதித் தருகிறேன் என்றாள். முதல் வந்த அறுபத்து மூன்று பேரில் யார் யாரிடம் சாட்சி கேட்கலாம் என்று பட்டியல் போட்டாள். சாதி பார்க்கிற வீடு என்றால் ஒருவர்கூட அதைச் சொல்லாமல் இருந்திருப்பார்களா என்று கேட்டாள். ரஞ்சினிக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது. அன்றைக்கே குந்தியிருந்து தமிழில் இரண்டு பக்கம் எழுதினாள். ‘நாங்கள் கர்த்தருடைய பிள்ளைகள். எங்கள் வீட்டில் சாதி என்ற பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை நான் வீட்டில் இருக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். நான் திரும்பி வந்தபோது இரண்டு கிளாசும் கழுவி வைக்கப்பட்டிருந்தன. அதைப் பெருமையாக நினைத்தேன்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதி லவீனாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை பத்து மணிபோல லவீனா இரண்டு படங்களை அனுப்பினாள். முறைப்பாட்டோடு அந்தப் பிள்ளை இணைத்திருந்த படங்களாம், தளத்துக்காரர் இப்போதுதான் கொடுத்தார்களாம். சும்மா இரண்டு கிளாஸ், இதிலே ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம் என்று கீழே எழுதியும் இருந்தாள்.

முதல் படத்தில் ரோசாப்பூக் கோப்பை இரண்டு, தட்டோடு, பக்கத்தில் ரஞ்சினி சுட்ட கேக். இரண்டாவது படம் பைப்படியில் எடுத்தது. சீமெந்துக் கட்டின் மேல் இரண்டு கிளாஸ் கவிழ்ந்திருந்தன, தண்ணீர் வடிந்திருந்தது. மேலே தெரிந்த ஒவ்வொரு கிளாசின் அடிப்பக்கத்திலும் ஒரு பச்சைப் பொட்டு.

கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டு வந்த அன்றைக்கு அந்தப் பொட்டு ரஞ்சினிக்குத் தெரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைதான். கேற்றுக்கு அடித்த பெயின்றின் பச்சை. பின்குசினியில், விறகு அடுக்கிய இடத்துக்கு மேலே உள்ள தட்டில் அந்தக் கிளாஸ் ஐந்து இருக்கின்றன. அவள் கலியாணம் முடித்து வந்த கிழமையே மாமி காட்டிக் கொடுத்தாள், உது வேலைக்கு வாற ஆக்களுக்கு, முன்குசினிக்குக் கொண்டுவரக் கூடாது என்று. தேங்காய் பிடுங்க வருகிறவர், கிணறு இறைக்க வருகிறவர், வேலி அடைக்க வருகிறவர் அதில்தான் குடிப்பார்கள். குடித்துவிட்டுப் பைப்படியில் கழுவிக் கவிழ்ப்பார்கள். ஒருமுறை முன்குசினிக் கிளாசோடு கலந்துபோனது என்று ஜெபரட்ணம்தான் ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்றைத் தொட்டு வைத்தார். அது எந்த வருடம் என்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. அவ்வளவு சாதாரணமாக நடந்த காரியம்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு. முப்பத்தொரு வருடம் அவள் அதை அப்படியேதான் நம்பியிருந்தாள். மண் பிடித்த கை, பாக்கு வெற்றிலை போட்ட வாய், அதனால் வேறு கிளாஸ், இதிலென்ன இருக்கிறது என்றுதான். ஆனால் போன மாதம் மின்சார வேலைக்கு ஒரு பெடியன் வந்தானே, கை முழுக்கக் கரியோடு? அவனுக்கு அவள் எதில் தேத்தண்ணி கொடுத்தாள்? ரோசாப்பூக் கோப்பையில். அவன் இன்னாருடைய பேரன், கோயிலில் இரண்டு வாங்கு தள்ளி இருக்கிற குடும்பம். யோசிக்காமல் கோப்பையை எடுத்தாள். அவளுடைய கைக்கே தெரிந்திருக்கிறது, யாருக்கு எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்று.

ஜெபரட்ணம் ஆட்டுக் கொட்டிலில் இருந்தார். அவள் போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் பார்த்தார். மறைக்கவில்லை, தடுமாறவும் இல்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

“ஓம், நான்தான் குடுத்தனான். இப்ப அதுக்கென்ன?” என்றார்.

அவள் என்னத்தைச் சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அந்த மனிசன் எங்கள் மேசையில் இருந்து, நாங்கள் செபம் சொல்லத் தானும் தலைகுனிந்து ஆமென் சொன்னவர், ஞானஸ்நானம் பெற்றவர், எழுபது வயது ஆள், முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முதலாகப் பிறந்த மண்ணுக்கு வந்தவர். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பாட்டிலே எல்லாரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை அடித்தொண்டையில் பாடிவிட்டு, திங்கட்கிழமை பின்குசினிக்குப் போய்க் கிளாஸ் எடுத்தீர்களா என்று கேட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை அப்படி ஒரு குரலில் அவள் கேட்டதில்லை.

அவர் கையிலிருந்த குழையை ஆட்டுக்கு முன்னால் போட்டுவிட்டுத் திரும்பினார். கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே நிதானத்தோடு கேட்டார்.

“எனக்கெப்பிடித் தெரியும் அவை ஆர் எண்டு? நீர்தானே வந்து சொன்னனீர். நான் கேட்டனானே? என்னத்துக்குச் சொன்னனீர்?”



சொன்னாள்தான். இரண்டாம் நாள் மத்தியானம், அவர்கள் இருவரும் கீரிமலைக்குப் போயிருந்த நேரம். காலையில் பிட்டுப் பரிமாறும்போது அவள் எந்தக் கோயில் என்று கேட்டாள். தகப்பன் பேதுரு ஒரு வாய் பிட்டை மெல்லுகிற சாட்டில் பேசாமல் இருந்தார். ஜெசிதாதான் பெருமையோடு சொன்னாள், அப்பா ஞானஸ்நானம் எடுத்த கோயில், அதைப் பார்க்கத்தான் வந்தோம், சின்னக் கோயிலடி என்று. அந்தக் கோயிலடியில் யார் இருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ரஞ்சினி ஓ, நல்லது என்று சொல்லி இன்னும் ஒரு அகப்பை பிட்டு வைத்தாள். பிறகு மத்தியானம் கணவரிடம் போய்ச் சொன்னாள், “இஞ்சேருங்கோ, அவை சின்னக் கோயிலடியாம்.” அவ்வளவுதான். ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் தங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லாத நேரத்தில் அவள் ஏன் குரலைத் தாழ்த்தினாள்? சொல்வதற்கு முன் ஏன் ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள்?

அந்த யன்னலின் கொளுக்கி கையில் பட்டது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஐயோ என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அன்று முழுக்க அவள் உலை வைக்கவில்லை. ஜெபரட்ணம் பாணும் சம்பலும் தானே எடுத்துச் சாப்பிட்டார். லவீனா மூன்று முறை எடுத்தாள். மூன்றாம் முறை ரஞ்சினி உண்மையைச் சொன்னாள்.  லவீனா, அப்பாவா என்று மட்டும் கேட்டாள். பிறகு, அம்மா, எதென்றாலும் இல்லை என்றே எழுதுங்கோ என்றாள். படத்தில் இருப்பது இரண்டு கிளாஸ்தான், பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஆம் என்று எழுதினால் உங்கள் பெயரோடு இந்த வீடும் முடிந்தது, கோயிலில் முகம் காட்ட ஏலாது, அப்பாவை ஊர் கிழித்துவிடும் என்றாள். அவள் சொன்னதெல்லாம் சரிதான். ரஞ்சினிக்கும் அது தெரியும்.

ஆனால் ரஞ்சினி முடிவெடுத்துவிட்டாள். எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் முன்விறாந்தையில் வெளிச்சத்துக்கு வந்திருந்து புதிதாக எழுதினாள். இந்த முறை நாலே வரி. நடந்தது. கேட்டது நான், சொன்னதும் நான், கொடுத்தது என் வீடு. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வீடு போனால் போகட்டும். அந்தப் பெயர் தனக்கு எவ்வளவு ஆசையான பெயர் என்று அவளுக்குத்தான் தெரியும், ஆனால் அந்தக் கிழவனுக்கு முன்னால் அது என்ன பெயர்? ஆம் என்கிற பெட்டிக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

“அம்மா, நான் பேதுரு. டென்மார்க்கிலை இருந்து கதைக்கிறன்.”

அம்மா என்றார். ரஞ்சினிக்கு அந்தச் சொல் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. முதல் நாள் வாசலில் வைத்து அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். தங்கச்சி, கேக் உங்கடை கையாலை சுட்டதோ என்று கேட்டவர். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மனிசன் இப்போது அம்மா என்கிறார், அவளுடைய வளவுக்கு வேலி அடைக்க வருகிற கிழவர்கள் கூப்பிடுகிற அதே பணிவோடு.

அவள் மன்னியுங்கோ என்று தொடங்கினாள். அவர் அதைக் கேட்கவே இல்லை. அவசரப்பட்டார். அங்கே விடிய இன்னும் நேரம் இருக்கிறது, பிள்ளை எழும்ப முன்னம் கதைக்கவேண்டும் என்றார். பிள்ளை எழுதிப்போட்டது தனக்கு நேற்றுத்தான் தெரியும் என்றார். ஊர் பெயரும் கோயில் பெயரும் போடாமல் எழுதியிருக்கிறாள், அந்தமட்டில் தப்பினோம், ஆனால் அவளுடைய பெயர் கிடக்கிறது, முகம் கிடக்கிறது என்றார். ஆவணியில் அவளுக்குக் கலியாணமாம். பெடியனுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பமாம், டென்மார்க்கில் அதே கோயிலுக்குத்தான் வருகிறார்களாம். பேதுரு அவர்களுக்குத் தான் யாழ்ப்பாணம் ரவுண், நகரத்து ஆள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாராம். முப்பத்தெட்டு வருடமாக எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாராம். சொந்தப் பிள்ளைக்கும் அதுதான். கோயிலின் பெயரை மட்டும், செத்துப்போக முதல் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், இந்த வருடம்தான் வாய்தவறிச் சொன்னாராம். அவளுக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாதாம். மூன்றாம் நாள் காலையில்தான் தெரிந்ததாம்.



அவர் தொடர்ந்தார். பிள்ளையிடம் அழிக்கச் சொன்னால் அழிக்கமாட்டேன் என்று நிற்கிறாளாம், இதில் வெட்கப்படவேண்டியது நாங்கள் இல்லை என்கிறாளாம். கலியாணம் நின்றால் நிற்கட்டும் என்கிறாளாம். அவளுக்கு இருபத்தொன்பது வயது, அப்படித்தான் சொல்லுவாள்.

“நீங்கள் அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதிவிடுங்கோ அம்மா. அப்ப அவை பிள்ளை எழுதினதை எடுத்துப்போடுவினம். உங்களுக்கு அது ஒரு சொல்லுத்தானே.”

“நடந்ததுதானே அண்ணை” என்றாள் ரஞ்சினி.

“ஓம், நடந்ததுதான். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போதும்.” வைக்க முன்னம் இன்னொன்றும் சொன்னார். “தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி அம்மா. மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு அவரிலை கோவமில்லை எண்டு.”

வைத்துவிட்டார்.

ஒரு மனிசனை இப்படியும் அவமானப்படுத்தலாமா? கிளாசில் கொடுத்தது ஒரு அவமானம். அந்த அவமானம் நடக்கவேயில்லை என்று சொல்லச் சொல்லி, கொடுத்த வீட்டுக்கே போன் எடுத்துக் கெஞ்ச வைத்தது அதைவிடப் பெரிது. அவள் உண்மையைச் சொல்லத் துணிந்து நின்ற இடத்தில், அந்த உண்மையும் அந்தக் கிழவனின் தலையிலேயே போய் விழப்போகிறது. தான் நல்லவளாகிவிடலாம் என்று நினைத்தாளே, அதற்கும் விலை கொடுக்கப்போவது அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் கழுவிக் கவிழ்க்கவேண்டி இருக்கிறது.

நாலு வரியையும் அழித்தாள். இல்லை என்ற பெட்டியைத் தொட்டாள். சரியா என்று தளம் ஒருமுறை கேட்டது. சரி என்று அமத்தினாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலை, அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது, பதில் வந்தது. விசாரணை முடிந்ததாம். படங்களில் முறைப்பாட்டை உறுதிப்படுத்த எதுவும் இல்லையாம். ஜெசிதாவின் றிவியூ நீக்கப்பட்டுவிட்டது, ‘ரஞ்சினியின் வீடு’ திரும்பவும் தளத்தில் வந்துவிட்டது, ஆடி மாதத்துக்கு இரண்டு பேர் கேட்டு எழுதியும் இருக்கிறார்கள். லவீனா போன் எடுத்து, அம்மா வென்றுவிட்டோம் என்றாள். சொன்னவளின் குரலில் சந்தோசம் இல்லை. ஜெபரட்ணம் விறாந்தைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தைத் தானும் ஒருமுறை வாசித்தார். “நான் சொன்னனான்தானே, விடும் எண்டு” என்றார். அவளுக்கும் ஒரு தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கடிதத்தின் மிச்சத்தை வாசித்தாள். அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ‘நேர்மையற்ற ஒரு றிவியூவால் உங்களுக்கு ஏற்பட்ட மனவேதனைக்காக வருந்துகிறோம். பொய்த் தகவல் எழுதியதற்காக விருந்தினர் ஜெசிதாவுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டுள்ளது.’